இருக்கிற இணையத்தளத்தில் கடை திறக்கக் காசே செலவில்லையா?

தேக்காக்காரன்:
நேற்று நம் வணிகர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சொல்கிறார்: "வேர்ட்பிரஸ் மென்பொருளில் கட்டிய தளம் ஏற்கெனவே இருக்கிறதா? வூகாமர்ஸ் என்ற விற்பனைப் பிளகினை, அதாவது தளத்தோடு சேரும் துணை மென்பொருளை, போடுங்கள். ஒரே மாலையில் கடை தயார், காசே செலவில்லை." அதற்கு வரிசையாகக் கைதட்டல் வேறு. படித்ததும் எரிச்சல் வந்துவிட்டது. நான் சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் பலகாரக் கடை நடத்துகிறவன். என் முறுக்குப் பாக்கெட் 6 வெள்ளி. இணையத்தில் பணம் வாங்கித் தரும் ஸ்ட்ரைப் நிறுவனத்தில் உள்ளூர்க் கார்டுக்கு 3.4 விழுக்காடு, அதற்கு மேல் ஒவ்வொரு முறையும் 50 காசு. ஆக 6 வெள்ளியில் 70 காசு போகிறது. நூற்றுக்குப் பன்னிரண்டு! மாவு, எண்ணெய், ஆள் கூலி, வாடகை எல்லாம் போக எனக்கு மிஞ்சுவதே ஏறக்குறைய அவ்வளவுதான். இதுவா காசே செலவில்லாத கடை?

நிரலன்:
சொன்னது நான்தான் அண்ணே. குழுவிலேயே கேட்டிருக்கலாம், இங்கே வந்து கொட்ட வேண்டியதில்லை. பிளகின் இலவசம் என்றேன், அது உண்மை. போட்டவுடன் கூடைப் பக்கம், பணம் செலுத்தும் பக்கம், வாடிக்கையாளர் கணக்குப் பக்கம் எல்லாம் அதுவே உருவாக்கிவிடும். இருப்புக் கணக்கும் பார்த்துக்கொள்ளும். கார்டுக் கட்டணம் வாங்குவது பிளகின் அல்ல.

தேக்காக்காரன்:
யார் வாங்கினால் எனக்கென்ன? போவது என் பணம். 50 காசுக்குப் பதில் சொல்லுங்கள்.

ஈசூன்அக்கா:
நான் வீட்டிலிருந்து முறுக்கும் அதிரசமும் விற்கிறேன். தளத்தில் பேநவ், அதாவது வங்கிக் கணக்குக்கு நேரே பணம் அனுப்பும் வசதியின் கியூஆர் படத்தைப் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான். பணம் அனுப்பிவிட்டு ஸ்கிரீன்ஷாட் போடுவார்கள். எனக்கு ஒரு காசும் பிடித்தம் இல்லை. 2017இலிருந்து பேநவ் இருக்கிறது, இன்னும் எதற்குக் கார்டைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்?

நிரலன்:
அக்கா, அது கடை இல்லை, விளம்பரப் பலகை. ஸ்கிரீன்ஷாட்டைப் போலியாகச் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்? தீபாவளி வாரத்தில் ஆர்டர் குவியும்போது ஒவ்வொன்றையும் வங்கிச் செயலியில் தேடிப் பார்ப்பீர்களா? பணம் வந்தது தளத்துக்குத் தெரியாவிட்டால் ஆர்டர் நிலுவையிலேயே நிற்கும், இருப்பும் தப்பாகக் காட்டும். அதே பேநவை ஸ்ட்ரைப் வழியாக வைத்தால் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனிக் கியூஆர் வரும், தொகையும் அதிலேயே இருக்கும். கட்டணம் 1.3 விழுக்காடு. 6 வெள்ளிக்கு 8 காசு. 50 காசு கிடையவே கிடையாது. தேக்கா அண்ணனுக்கும் இதுதான் பதில்.

ஈசூன்அக்கா:
விளம்பரப் பலகையா? அந்தப் பலகையை வைத்துத்தான் மகளின் கல்லூரிக் கட்டணம் கட்டினேன் தம்பி. வார்த்தையை அளந்து பேசு.

தேக்காக்காரன்:
பேநவ் எனக்கும் தெரியும். அலுவலகத்துக்கு மொத்தமாக வாங்குகிறவர்களும் மலேசியாவின் ஜொகூரிலிருந்து வருகிறவர்களும் கார்டைத்தான் நீட்டுகிறார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பவா? இன்னொன்று, இதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. பாக்கெட் நொறுங்கிப் போய்ச் சேர்ந்தது என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்தால், ஸ்ட்ரைப் பிடித்த கட்டணம் திரும்பி வராது. முறுக்கும் போச்சு, 70 காசும் போச்சு.

பொங்கோல்_பெருமாள்:
ஷாப்பிஃபை என்ற இணையக்கடைச் சேவையில் 'வாங்கு' பொத்தான் என்று ஒன்று இருக்கிறது. அதன் நிரல் துண்டை இருக்கிற தளத்தில் ஒட்டினால் போதும். தளம் அப்படியே இருக்கும், பணம் செலுத்தும் இடம் மட்டும் அவர்களுடையது. மாதக் கட்டணம் உண்டு, ஆனால் பாதுகாப்பும் புதுப்பிப்பும் அவர்கள் பொறுப்பு. பிளகின்காரர்களை நம்பினால் என்ன ஆகும் என்று எங்கள் குடும்பத்துக்குத் தெரியும். நிரலன் கட்டிக்கொடுத்த தளத்தில் என் சித்தப்பா மகன் புடவை விற்றான். ஒருத்தர் கூடையில் இன்னொருத்தர் போட்ட புடவை தெரிந்தது!

நிரலன்:
அதை இத்தனை நாள் மனசில் வைத்திருந்தீர்களா? வேகத்துக்காகப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் கேஷ் பிளகினை உங்கள் சித்தப்பா மகன் தானாகவே போட்டான். கூடை, பணம் செலுத்தும் பக்கம், கணக்குப் பக்கம் இந்த மூன்றையும் கேஷில் சேர்க்கவே கூடாது என்று ஒப்படைத்த அன்றே எழுதிக் கொடுத்திருக்கிறேன். மின்னஞ்சல் இருக்கிறது, வேண்டுமானால் அனுப்பி வைக்கிறேன்.

பொங்கோல்_பெருமாள்:
மின்னஞ்சல் அனுப்பினால் பொறுப்பு முடிந்துவிட்டதா? புடவைக்காரனுக்குக் கேஷ் என்றால் என்ன என்று எப்படித் தெரியும்? எடுத்துச் சொல்வதற்குத்தானே உங்களுக்குக் காசு கொடுத்தான்.

தேக்காக்காரன்:
பார்த்தீர்களா, "காசே செலவில்லை" என்றவருக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள். நான் வேறு என்ன சொல்ல வேண்டும்? பெருமாள், உங்கள் பொத்தானிலும் கார்டுக்குத் தனிக் கட்டணம் உண்டு, மறைக்காதீர்கள்.

நிரலன்:
சரி, கார்டுக்குக் குறைந்தபட்சம் 30 வெள்ளிக்கு வாங்க வேண்டும் என்று தளத்தில் வையுங்கள். கட்டணம் 1 வெள்ளி 52 காசு. ஏறக்குறைய 5 விழுக்காட்டுக்கு வந்துவிடும். 60 வெள்ளி என்றால் இன்னும் குறையும்.

தேக்காக்காரன்:
அப்பா காலத்திலிருந்து எங்கள் கடையில் ஒரே ஒரு பாக்கெட் கேட்டு வந்தவரையும் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்புவோம். 30 வெள்ளிக்கு வாங்காவிட்டால் போ என்று என் கடைப் பெயரில் எழுதமாட்டேன். 6 வெள்ளி என்றால் 6 வெள்ளி. அதுவும் பொருள், சேவை வரி 9 விழுக்காட்டையும் சேர்த்துத்தான். வரிக்குப் பதிந்த கடை விலையை அப்படித்தான் காட்ட வேண்டும். சில பேர் தளத்தில் வரி பற்றிப் பேச்சே இல்லை.

ஈசூன்அக்கா:
என்னைத்தானே சொல்கிறீர்கள்? ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். பதியாதவர் வரி வாங்கவே கூடாது. நான் எந்த வரியை எழுதுவது?

தேக்காக்காரன்:
வாடகை இல்லை, ஆள் கூலி இல்லை, வரியும் இல்லை. அப்புறம் 5 வெள்ளிக்கு முறுக்கு விற்க முடியாதா என்ன! எங்களை மாதிரிக் கடைக்காரர்கள் அந்த விலையோடு மோத வேண்டியிருக்கிறது.

ஈசூன்அக்கா:
வீட்டில் சமைத்துச் சிறிய அளவில் விற்க உரிமம் தேவையில்லை என்று வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் சிங்கப்பூர் உணவு அமைப்பும் சொல்கின்றன. சுத்தம், சுகாதாரம் எல்லாம் ஒழுங்காகப் பார்த்துத்தான் செய்கிறேன். உங்கள் வாடகையை நான் ஏற்றவில்லை. ராத்திரி ஒரு மணி வரை அடுப்படியில் நிற்கிறேனே, அது கூலி இல்லையா?

பொங்கோல்_பெருமாள்:
அக்கா சொல்வது நியாயம். நிரலன், அந்த மின்னஞ்சலை அனுப்புங்கள், பார்க்கலாம்.

நிரலன்:
அனுப்பிவிட்டேன். தேதியைப் பாருங்கள். தேக்கா அண்ணே, 1.3 விழுக்காடு என்று மேலேயே எழுதியிருக்கிறேன். பேநவை முதலிலும் கார்டை அடுத்ததாகவும் வைத்தால் பெரும்பாலானவர்கள் முதலில் இருப்பதைத்தான் அழுத்துவார்கள்.

தேக்காக்காரன்:
கார்டை அழுத்துகிறவருக்கு 50 காசு போகுமா, போகாதா? அதை மட்டும் சொல்லுங்கள்.

பொங்கோல்_பெருமாள்:
மின்னஞ்சல் வந்தது. கேஷ் என்று ஒரே ஒரு வரி, அதுவும் ஆங்கிலத்தில், கடைசிப் பக்கத்தில். இதைத்தான் எழுதிக் கொடுத்தேன் என்றீர்களா?