கொசு உள்ளான்கள் இறங்கிய காலை

இரவு முழுக்க மழை பெய்தால் விடிந்ததும் நான் ஏரிக்குக் கிளம்பிவிடுவேன். வலசைப் பறவைகளில் பல இரவில்தான் பறக்கின்றன. மழையும் எதிர்க்காற்றும் சேர்ந்தால் கிடைத்த இடத்தில் இறங்கிவிடும். போன செப்டம்பரிலும் அப்படித்தான் போனேன்.

சேற்றோரம் முழுக்கக் கொசு உள்ளான்கள், சேற்றில் இரை தேடும் குட்டிக் கரைப்பறவைகள். பச்சைக்காலிகளும் நின்றன, ஆனால் எனக்குக் கண் உள்ளான்களை விட்டு நகரவில்லை. தையல் மெஷின் ஊசி மாதிரி அலகு இறங்கி ஏறிக்கொண்டே இருந்தது. பைனாகுலரில் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். முதுகில் வெள்ளையாக 'வி' வடிவக் கோடு, இறகுகளின் ஓரம் கொஞ்சமும் தேயவில்லை. அதாவது இந்த வருடக் குஞ்சு! ஜூன், ஜூலையில் ஆர்க்டிக் பக்கம் தூந்திரா என்ற மரமில்லாத குளிர்வெளியில் பொரித்தது. வளர்ந்த பறவைகள் பெரும்பாலும் முன்பே கிளம்பிவிடும். முப்பது கிராம்கூடத் தேறாத குஞ்சுகள் பின்னால் தாமாகவே வழி கண்டுபிடித்து வருகின்றன. எந்தத் திசை என்பது பிறவியிலேயே வருகிறது. சூரியன், நட்சத்திரங்கள், பூமியின் காந்தப்புலம் எல்லாம் துணை. 2022-இல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்குப் பதினோரு நாளில் 13,560 கிலோமீட்டர் இறங்காமல் பறந்த பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவையும் ஐந்து மாதக் குஞ்சுதான்.

அப்போது ஒரு பையன் கேமராவோடு சேற்றில் இறங்கிவிட்டான். மொத்தக் கூட்டமும் எழுந்து ஏரியைச் சுற்றியது. எனக்கு மனசு பதறியது. வழியில் கரைந்த கொழுப்பைச் சேர்க்கத்தானே இறங்கியிருக்கின்றன, ஒவ்வொரு முறை எழும்போதும் அதுவும் செலவாகிறது.

"தம்பி, இங்க வந்து உட்காருங்க, அதுங்களே கிட்ட வரும்" என்றேன்.

"வருமாண்ணா?"

"வரும். எழுந்திரிக்க மட்டும் கூடாது."

வெயில் முதுகில் படும்படி கரையில் தாழ உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் உள்ளான்கள் திரும்பி இறங்கின. அப்புறம் சேற்றோரமாகவே மேய்ந்து மேய்ந்து எங்களுக்கு நாலு முழத் தூரம்வரை வந்துவிட்டன. தம்பி மூச்சுகூட விடவில்லை.

அவன் எடுத்த படத்தைப் பெரிதாக்கியபோதுதான் கவனித்தோம், ஒன்றின் காலில் நிறப்பட்டை, அதில் எழுத்துகள். பட்டையின் நிறத்தையும் எழுத்தையும் வைத்து எங்கே மாட்டினார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம். வளையமிடும் ஆய்வாளர்களுக்குப் படத்தை அனுப்பியிருக்கிறோம். பதில் வந்ததும் எழுதுகிறேன்.