குளத்துக்குச் செலவு, கரைக்குக் கஞ்சத்தனம்

உடுமலையிலிருந்து

நீச்சல் குளம் கட்டின கதையை எல்லாரும் சொல்லுவாங்க. நான் குளத்தைச் சுத்தி நடக்கறதுக்குப் போடற ஆறடித் தளம், அந்த டெக்கைப் பத்தி மட்டும் சொல்றேனுங்க. அதை நான் ரெண்டு தடவை கட்டியிருக்கேன்.

2019ல தோப்பு வீட்டுக்குப் பின்னால 24க்கு 12 அடியில குளம் போட்டோம். பம்புசெட்டுத் தொட்டியில குதிச்சு வளந்தவன் நான், பசங்களுக்கும் ஒன்னு இருக்கட்டும்னு ஆசை. குழிக்கு, டைல்ஸுக்கு, ஃபில்டருக்குன்னு பாத்துப் பாத்துச் செலவு செஞ்சு, டெக்குக்கு வரும்போது கை காலி. வீட்டு வேலையில மிச்சமான பாலிஷ் போட்ட கருப்புக் கடப்பாக் கல்லு சுவத்தோரம் கிடந்துச்சு. "அதையே போட்டு முடிச்சுருங்க மேஸ்திரி"ன்னுட்டேன்.

மத்தியானம் ஒரு மணிக்குக் குளத்துல இருந்து ஏறின பசங்க வீட்டு வாசல் வரைக்கும் பூக்குழி இறங்கற மாதிரி குதிச்சுக்கிட்டே போனாங்க. ஈரமானா அதே கல்லு சோப்புப் போட்டாப்பல வழுக்கும். அம்மா விழுந்து மணிக்கட்டுல கட்டுப் போட்டது அந்த வருசந்தான்.

அடுத்தது வாட்டம். மேஸ்திரி ரசமட்டம் வெச்சு, குமிழி நடுவுல நிக்கற வரைக்கும் தட்டித் தட்டிக் கல்லு பதிச்சாரு. பாக்கக் கண்ணாடி மாதிரி இருந்துச்சு, நானும் பாராட்டினேன். ஆனா கண்ணாடி மாதிரி இருக்கக் கூடாதுங்க. குளத்துல இருந்து வெளிய பாத்து அடிக்குக் கால் இஞ்சு இறக்கம் வேணும். ஆறடிக்கு ஒன்றரை இஞ்சு. கடைசியில ஒரு வாய்க்கால், அது தோப்புக்குப் போயிரணும். எங்களுக்கு அது இல்லாததால முதல் மழையிலயே சேறும் சருகும் தென்னங்குரும்பையும் நேரா குளத்துக்குள்ள. கடைக்காரர் கிட்ட குளோரின் வாங்கி வாங்கிச் சொந்தக்காரன் மாதிரி ஆயிட்டேன்.

பெரிய அடி கரிசல் மண்ணுல இருந்து வந்துச்சு. ஐப்பசி மழையில அது உப்பும், சித்திரையில பொளந்துக்கும். குளத்துச் சுவரு ஆழத்துல இருந்து எழும்பினதால அசையலை. மேல மண்ணு மேல உக்காந்த டெக்கு மட்டும் ஏறி எறங்குச்சு. ரெண்டையும் ஒரே காங்கிரீட்டாச் சேத்து ஊத்தியிருந்ததால, குளத்து ஓரத்துக் கல்வரிசையை ஒட்டியே நீளமா வெடிப்பு. ஒரு பக்கம் கட்டைவிரல் தடிமனுக்குத் தூக்கிருச்சு.

ரெண்டாவது தடவை எல்லாத்தையும் பேத்துட்டு ரெண்டரை அடி கரிசலை எடுத்துட்டுக் கிராவல் கொட்டினோம். அரையடிக்கு ஒரு தடவை தண்ணி விட்டுத் திமுசு போட்டு இடிச்சு, அப்புறம் அடுத்த அடுக்கு. ஆளுங்க சலிச்சுக்கிட்டாங்க. டெக்குக்கும் குளத்துக்கும் நடுவுல அரை இஞ்சு தெர்மாகோல் வெச்சுப் பிரிச்சு, காஞ்சப்புறம் மேலாப்புல சுரண்டி எடுத்துட்டுப் பாலிசல்பைடுங்கற பசையை அடைச்சோம். ரப்பர் மாதிரி இழுத்துக் கொடுக்கும். சிமென்ட் போட்டு அடைச்சீங்கன்னா பிரிச்சதுக்கே அர்த்தமில்லை.

கல்லை நான் தேர்ந்தெடுக்கலை, அம்மா தேர்ந்தெடுத்தாங்க. கல்லும் பலகையுமா அஞ்சு மாதிரியைக் காலையிலயே மொட்டை மாடியில போட்டு, மத்தியானம் அம்மாவை வெறுங்காலோட கூட்டிட்டுப் போனேன். பழைய கடப்பா மேல வெச்ச காலை உடனே எடுத்துட்டாங்க, "கடிக்குது சாமி"ன்னு. மரமாட்டம் இருக்கற பிளாஸ்டிக் பலகையும் அதே கதை. நெருப்புக் காட்டிச் சொரசொரப்பாக்கின வெளிர் சாம்பல் கிரானைட் மேல ஒரு செம்புத் தண்ணியை ஊத்திட்டு நின்னாங்க. கொஞ்ச நேரம் ஒன்னுமே சொல்லலை. அதையே எடுத்துட்டோம்.

டாலஸிலிருந்து

அண்ணாச்சி, உங்க டெக்குக் கதையைப் படிச்சேன். எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். கரிசலை விட்டு வந்துட்டோம்னு நெனச்சா இங்கயும் அதோட தம்பிதான் படுத்திருக்கான். வெயில் காலத்துல வீட்டு அஸ்திவாரத்தைச் சுத்தி ஓஸ் போட்டுச் சொட்டுச் சொட்டா ஈரம் விடுவாங்க, மண்ணு சுருங்கி விலகிடக் கூடாதுன்னு. மொதல்ல பாத்தப்ப வீட்டுக்கா தண்ணி ஊத்துறாங்கன்னு சிரிச்சேன். இப்ப நானும் ஊத்துறேன்.

நான் சொல்ல வந்தது வேற, கரண்டு. டெக் காங்கிரீட் ஊத்துறதுக்கு முன்னால குளத்துக் கம்பி, டெக்குக் கம்பி, ஏணி, கைப்பிடி, பம்ப் மோட்டார் எல்லாத்தையும் 8ஆம் நம்பர் செம்புக் கம்பியால ஒன்னாக் கட்டணும்னு இங்க விதி. தண்ணிக்கும் தரைக்கும் நடுவுல மின்னழுத்த வித்தியாசம் வரக்கூடாது. வந்தா, ஒரு கால் தண்ணியிலயும் ஒரு கால் டெக்குலயும் இருக்குற ஆளு வழியா ஓடும். ஊத்த வேண்டிய அன்னிக்குக் காலையில வந்த இன்ஸ்பெக்டர், கைப்பிடி நடுற குழியில கம்பி சேரலைன்னு திருப்பி அனுப்பிட்டாரு. லாரிக்குக் கட்டின காசு போச்சுன்னு அன்னிக்குத் திட்டினேன். காங்கிரீட் மூடினப்புறம் இதை யாரு தோண்டிப் பாப்பா? நம்ம ஊர்ல கட்டுறவங்க எர்த்திங்கோட நிறுத்திடாம எலக்ட்ரீஷியன் கிட்ட இதையும் கேளுங்க.

சிட்னியிலிருந்து

அண்ணை, எங்களுக்கு மண் பிரச்சினை இல்லை, வேலிதான் பிரச்சினை. நியூ சவுத் வேல்ஸில குளத்து வேலி 1.2 மீற்றர் உயரம் வேணும், கம்பிகளுக்கு இடையில 10 சென்ரிமீற்றருக்கு மேல இடைவெளி கூடாது, கேற் வெளிப்பக்கமாத் திறந்து தானாச் சாத்திப் பூட்ட வேணும். இது எல்லாம் சரியாத்தான் இருந்தது. பிறகு வீட்டுப் பக்கம், வேலிக்கு வெளியால, 25 சென்ரிமீற்றர் உயர்த்திப் பலகை டெக் அடிச்சனான். வேலி அசையேல்லை, ஆனா நிலம் உயர்ந்திட்டுது. வேலியை அளந்து பாக்க வந்தவர் வெளிப்பக்கம் வெறும் 95 சென்ரிமீற்றர் எண்டார். வேலிக்குப் பக்கத்தில மனிசி வைச்ச பெரிய பூச்சாடியையும் பாத்தார். பிள்ளையள் ஏறக்கூடிய ஒண்டும் 90 சென்ரிமீற்றருக்குள்ள நிக்கக் கூடாதாம். அந்தச் சாடி இப்ப கராஜ் வாசல்ல நிக்குது, மனிசிக்கு என்னில இன்னும் கோவம்.

இன்னொண்டு. பலகை மெர்பாவ் எண்ட மரம். முதல் மழையில அதில இருந்து பிளேன்ரீ மாதிரிச் சாயம் வடிஞ்சு கீழ வெள்ளைக் கல்லு முழுக்கக் கறை. பூட்ட முதல் பலகையைக் கழுவி, மழை வெயில்ல கொஞ்ச நாள் போட்டுவைக்க வேணும் எண்டு பிறகுதான் தெரிஞ்சுது.

ஈ.சி.ஆர். பக்கத்திலிருந்து

ஒரே வரி. கடலோரம்னா டெக்குப் பலகைக்கு ஸ்க்ரூ 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல வாங்குங்க. நான் 304 ரகம் போட்டேன், வருஷம் திரும்புறதுக்குள்ள ஒவ்வொரு தலையைச் சுத்தியும் துருக்கறை.

மறுபடி உடுமலை

சிட்னித் தம்பி, எங்களுக்கு வேலி கட்டச் சொல்ல யாரும் வரலைங்க. ஆனா அக்கா பேரன் நடக்கப் பழகினப்புறம் நானே கட்டினேன். நிலத்தை உயர்த்தினா வேலி குறையும்னு எனக்குத் தோணவே இல்லை, இன்னிக்குச் சாயந்தரம் போய் டேப் வெச்சுப் பாக்கறேன்.

அந்தக் கிரானைட் எப்படி இருக்குன்னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க. மூணு மழை பாத்தாச்சு, வெடிப்பு இல்லை. அம்மாவுக்கு மட்டும் ஒரு குறை. பழைய கருப்புக் கல்லுல வடகம் ஒரே நாள்ல காஞ்சுரும், இதுல ரெண்டு நாள் ஆகுதாம்.