கலைச்சொல் வேண்டும்: ஓர் இயக்கத்தின் ‘ஸ்டேயிங் பவர்’ (டீ பார்ட்டியை முன்வைத்து)

வணக்கம்.

அரசியல் அறிவியல் சொற்றொகுதிக்காக அமெரிக்கத் தேர்தல் பகுதியைத் தொகுத்துவருகிறேன். டீ பார்ட்டி பற்றிய பதிவில் வேலை நின்றுபோயிருக்கிறது. அரசின் கடனையும் செலவையும் எதிர்த்து 2009இல் குடியரசுக் கட்சி ஆதரவாளர்களிடையே கிளம்பிய அந்த இயக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி, அதற்கு எவ்வளவு ‘ஸ்டேயிங் பவர்’, அதாவது நீடித்து நிற்கும் ஆற்றல், என்பதுதான். இப்போதைக்கு ‘நிலைப்புத்தன்மை’ என்று போட்டிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. கூடவே வரும், கீழ்மட்ட ஆதரவாளர்களைக் குறிக்கும் ‘கிராஸ்ரூட்ஸ்’ என்பதற்கு ‘அடித்தட்டு’ என்று இருக்கிறது. இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள்.

இயக்கத்தின் பெயரை மொழிபெயர்க்கவில்லை. 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய கலகத்தை நினைவூட்டும் பெயர் அது. ‘தேநீர்க் கட்சி’ என்று எழுதினால் தனியாக ஒரு கட்சி இருந்ததாகப் படிப்பவர் எண்ணிவிடுவார்.

---

> நிலைப்புத்தன்மை

இது வேண்டாம். அறிவியல் பாடநூல்களில் வேறு பொருளுக்கு உறுதிப்பட்ட சொல். ‘தாக்குப்பிடிதிறன்’ என்று வைக்கலாம். ஈழ வழக்கில் ‘நின்றுபிடித்தல்’ என்று இதைவிட அழகாகச் சொல்வார்கள். அதிலிருந்து ‘நின்றுபிடிதிறன்’ என்றும் ஆக்கலாம்.

டீ பார்ட்டிக்கும் பொருந்துகிறது. 2012இல் ஒபாமா மறுபடி வென்றார். 2014இல் கென்டக்கியில், செனட்டில் குடியரசுக் கட்சியின் தலைவராக இருந்த மிட்ச் மெக்கானலைக் கவிழ்க்கப் பார்த்து முடியவில்லை. இத்தனை அடி வாங்கியும் ஆள் விழவில்லையே, அதுதான் தாக்குப்பிடித்தல். ‘அடித்தட்டு’ இருக்கட்டும், எல்லாரும் எழுதுகிற சொல்தான்.

---

> ‘அடித்தட்டு’ இருக்கட்டும்

அன்பர்களே, இதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இங்கே சொல்லோடு தகவலும் பிழையாகிவிடுகிறது. ‘அடித்தட்டு மக்கள்’ என்றால் தமிழில் ஏழை எளியவர்கள். டீ பார்ட்டிக்காரர்கள் அவர்கள் அல்லர். 2010 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸும் சிபிஎஸ்ஸும் சேர்ந்து எடுத்த கருத்துக்கணிப்பில், அதன் ஆதரவாளர்கள் பொதுவான அமெரிக்கரைவிட வசதியும் படிப்பும் கூடியவர்கள், பெரும்பாலும் 45 வயதைத் தாண்டிய வெள்ளையர்கள் என்று தெரியவந்தது. அவர்களை ‘அடித்தட்டு இயக்கம்’ என்று நம் தொகுதி சொன்னால் மாணவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார். ‘அடிமட்ட இயக்கம்’ போதும். அடிமட்டத் தொண்டர் என்கிறபோது அவருடைய வருமானத்தையா பேசுகிறோம்? கட்சி அமைப்பில் அவர் இருக்கும் இடத்தைத்தான்.

இனி, ‘தாக்குப்பிடிதிறன்’. அடியைத் தாங்கிக்கொண்டு இருந்த உருவிலேயே தொடர்ந்து இருப்பதற்கு அது நல்ல சொல். ஆனால் டீ பார்ட்டி இருந்த உருவில் இல்லை. 2009 பிப்ரவரி 19 அன்று சிஎன்பிசி தொலைக்காட்சியின் ரிக் சான்டெல்லி, சிகாகோ வணிகச் சந்தையின் தளத்தில் நின்றபடி, தவணை கட்ட முடியாதவர்களின் வீட்டுக்கடனுக்கு உதவும் ஒபாமா அரசின் திட்டத்தை எதிர்த்துக் குமுறினார். சிகாகோவில் ஒரு டீ பார்ட்டி நடத்துவோம் என்றார். வரிக் கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாளான ஏப்ரல் 15 அன்று நூற்றுக்கணக்கான ஊர்களில் கூட்டம் கூடிவிட்டது. அடுத்த ஆண்டு நவம்பரில் குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் அவையில் 63 இடங்களைக் கூடுதலாகப் பிடித்தது. பிறகு சில ஆண்டுகளிலேயே பேரணிகள் ஓய்ந்தன, உள்ளூர்க் குழுக்கள் பலவும் கலைந்தன. இன்று அந்தப் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்பவர்கள் அரிது. கூட்டத்தையும் கொடியையும் வைத்து அளந்தால் அது தாக்குப்பிடிக்கவே இல்லை.

அப்படியானால் அதன் வலிமை எங்கே தங்கியது? என் பார்வையில், முதனிலைத் தேர்தலில். (இதை ‘உட்கட்சித் தேர்தல்’ என்று எழுதாதீர்கள், நமக்கு அது மாவட்டச் செயலாளர், ஒன்றியச் செயலாளர் பதவிக்கு நடப்பது. அமெரிக்காவில் பொதுத்தேர்தலுக்கு யார் வேட்பாளர் என்பதையே கட்சியின் வாக்காளர்கள் வாக்களித்து முடிவுசெய்கிறார்கள்.) பொதுத்தேர்தலைவிட மிகக் குறைவானவர்களே அதில் வாக்களிக்க வருவார்கள். அதனால் தவறாமல் வரக்கூடிய ஒரு சிறு கூட்டம் கையில் இருந்தால் பெரிய தலைவரையும் வீட்டுக்கு அனுப்பலாம். டீ பார்ட்டி பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். 2010இல் யூட்டாவின் குடியரசுக் கட்சிச் செனட்டர் பாப் பென்னட் முதனிலைத் தேர்தல்வரைகூடப் போகவில்லை. மாநிலக் கட்சி மாநாட்டிலேயே கழிக்கப்பட்டார். 2012இல் இண்டியானாவில், 1977 முதல் செனட்டராக இருந்த ரிச்சர்ட் லூகர் தோற்றார். 2014 ஜூனில் வர்ஜீனியாவில் நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் மேல்: பிரதிநிதிகள் அவையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் எரிக் கேன்டர், செலவுப் பணத்தில் தனக்குப் பல மடங்கு பின்தங்கியிருந்த டேவ் பிராட் என்ற பொருளாதாரப் பேராசிரியரிடம் இடத்தைப் பறிகொடுத்தார்.

தோற்றவர்கள் எண்ணிக்கையில் சிலர்தான். தோற்காமல் இருந்தவர்கள் பயந்துபோய்த் தங்கள் வாக்கை மாற்றிக்கொண்டார்களே, அதுதான் உண்மையான விளைவு. ‘அடுத்த முதனிலைத் தேர்தலில் எனக்கு எதிராக யாரை நிறுத்துவார்களோ’ என்ற எண்ணம் ஒவ்வோர் உறுப்பினருக்குள்ளும் குடியேறியது. அதற்காக இயக்கம் விலையும் கொடுத்தது. டெலவேரில் கிறிஸ்டீன் ஓ’டோனல், இண்டியானாவில் ரிச்சர்ட் மர்டாக் என்று தங்கள் ஆட்களை நிறுத்தி, கட்சி வென்றிருக்கக்கூடிய செனட் இடங்களை ஜனநாயகக் கட்சியிடம் இழந்தது. இழந்தும் பின்வாங்கவில்லை என்பதால்தான் அச்சமும் கரையவில்லை.

2015 ஜனவரியில் பிரதிநிதிகள் அவையில், குடியரசுக் கட்சியின் தீவிர வலதுசாரி உறுப்பினர்களின் குழுவான ஃப்ரீடம் காகஸ் அமைந்தபோது இந்த அச்சத்துக்கு அவைக்குள்ளேயே ஓர் இருக்கை கிடைத்தது. அதே ஆண்டு அந்தக் குழுவின் நெருக்கடியில் சபாநாயகர் ஜான் பேனர் பதவி விலகினார். 2023 ஜனவரியில் கெவின் மெக்கார்த்தி சபாநாயகராக 15 சுற்று வாக்கெடுப்பு தேவைப்பட்டது. அக்டோபரில் சொந்தக் கட்சியினர் எட்டுப் பேர் எதிரணியோடு சேர்ந்து வாக்களிக்க, 216க்கு 210 என்று நீக்கப்பட்டார். ஒரு சபாநாயகர் இப்படி நீக்கப்பட்டது அந்நாட்டு வரலாற்றில் அதுவே முதல்முறை. பேரணிகள் ஓய்ந்து எத்தனையோ ஆண்டுகள் கழித்து!

தங்காமல் போனது எது என்பதையும் பார்க்க வேண்டும். அரசின் கடனும் செலவும்தான் அவர்களுடைய முதல் முழக்கம். 2011இல் அதற்காகக் அரசு வாங்கக்கூடிய கடனின் உச்சவரம்பை உயர்த்த மறுத்து, கடனைக் கட்ட முடியாத நிலையின் விளிம்புவரை நாட்டையே கொண்டுபோனார்கள். 2019 நிதியாண்டில், குடியரசுக் கட்சி அதிபரின் ஆட்சியில், பற்றாக்குறை 1 லட்சம் கோடி டாலரை நெருங்கியது. 2010 அலையில் அவைக்குள் வந்த மிக் மல்வேனி அந்த ஆட்சியில் வரவுசெலவு அலுவலகத்தின் தலைவர். அந்த இயக்கத்தின் பொருளாதாரக் கொள்கை எனக்கு உடன்பாடானதில்லை. இருந்தாலும், ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுக்கொடுத்து அரசியல் சட்டத்தை வரிவரியாகப் படித்த அந்த அடிமட்டத்தாரை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்கள் கண்டெடுத்த ஆயுதம் மிஞ்சியது, அதை எதற்காக எடுத்தார்களோ அது மிஞ்சவில்லை.

ஆக, நமக்கு வேண்டிய சொல் ‘அப்படியே இருத்தல்’ என்று பொருள்படக் கூடாது. ‘ஓரிடத்தில் பிடி கிடைத்து உள்ளே இறங்குதல்’ என்பது வரவேண்டும். ‘ஊன்றுதிறன்’ என்று முன்மொழிகிறேன். கால் ஊன்றுகிறோம், விதை ஊன்றுகிறோம். இரண்டு வழக்கிலும் மண்ணுக்குள் போகும் செயல் இருக்கிறது. ஊன்றுகோல் போல வினைத்தொகை, ஒற்று மிகாது. ஊன்றிய இயக்கம், ஊன்றாத இயக்கம் என்று பிரித்துப் பேசவும் வசதி. பெரும் பணக்காரர்களுக்கும் மற்ற 99 சதவீதத்தினருக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வை எதிர்த்து 2011 செப்டம்பர் 17 அன்று நியூயார்க்கில் தொடங்கிய வால் ஸ்ட்ரீட் முற்றுகையின் கூடாரங்களை நவம்பர் 15 அன்று காவல்துறை அகற்றியது. ‘99 சதவீதம்’ என்ற சொல்லாட்சியை நாடு முழுவதும் எடுத்துக்கொண்டது. ஆனால் எந்தத் தேர்தல் படியிலும் அந்த இயக்கம் கால் வைக்கவில்லை. அதன் வீச்சு பெரிது, ஊன்றுதிறன் சிறிது என்று இப்போது ஒரே வரியில் எழுத முடிகிறது.

---

> ஊன்றுதிறன்

இயக்கங்களுக்கு ஏற்கிறேன். ஆனால் ஓட்டப்பந்தய வீரருக்கும் நோயோடு போராடும் உடலுக்கும் இது பொருந்தாது. அங்கே ‘நின்றுபிடித்தல்’ இருக்கட்டும்.

ஒரு கேள்வி. டீ பார்ட்டிக்கு ஃப்ரீடம்வொர்க்ஸ், அமெரிக்கன்ஸ் ஃபார் பிராஸ்பெரிட்டி போன்ற வலதுசாரி அமைப்புகள் பணமும் பயிற்சியும் கொடுத்தன. வெளியிலிருந்து முட்டுக்கொடுத்ததை ‘ஊன்றுதல்’ எனலாமா?

---

நல்ல கேள்வி. முட்டுக்கொடுத்த ஃப்ரீடம்வொர்க்ஸ் 2024இல் மூடப்பட்டுவிட்டது. முதனிலைத் தேர்தல் பற்றிய அச்சம் அதோடு போகவில்லை. அதனால் ஊன்றியது உண்மை என்றே எடுத்துக்கொள்கிறேன். தொகுதியில் இப்படிச் சேர்க்கிறேன்:

ஊன்றுதிறன் (பெ.): ஓர் இயக்கம் தன் முதல் உருவமும் பெயரும் மறைந்த பின்னும், அமைப்புகளுக்குள்ளும் நடைமுறைகளுக்குள்ளும் இடம்பிடித்துத் தொடர்ந்து செயல்படும் ஆற்றல்.

அடிமட்ட இயக்கம் (பெ.): தலைமையின் ஆணையின்றி, உள்ளூர் ஆதரவாளர்களின் முயற்சியால் கீழிருந்து எழும் இயக்கம். பொருளாதார நிலையைச் சுட்டாது.

‘முதனிலைத் தேர்தல்’ தனிப் பதிவாகப் போகிறது, உட்கட்சித் தேர்தலோடு குழப்பக் கூடாது என்ற குறிப்புடன். அடிமட்டத்திலிருந்து எழுந்ததுபோலக் காட்டப்படும் இயக்கத்துக்கு ‘ஆஸ்ட்ரோடர்ஃப்’ என்கிறார்களே, 2009இல் நான்சி பெலோசி டீ பார்ட்டியைப் பற்றிச் சொன்னது, அதற்கு இன்னும் சொல் இல்லை. ‘போலி அடிமட்டம்’ என்பது எனக்கு நிறைவளிக்கவில்லை. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.