மறு: எஞ்சின் பிளாக்கிற்குத் தமிழில் ‘எந்திரக்கட்டு’

அன்புள்ள குழுவினருக்கு,

எஞ்சினின் உருளைகளையும் (சிலிண்டர்) கிராங்கையும் தாங்கும் பெரிய உலோக உடம்புதான் எஞ்சின் பிளாக். அதற்கு ‘எந்திரக்கட்டு’ என்று நான் சொன்ன சொல்லின் மேல் வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> பிளாக்கை உருளைத் தொகுதி என்று ஏற்கெனவே எழுதிக்கொண்டுதானே இருக்கிறோம். புழங்குகிற சொல்லை ஏன் மாற்ற வேண்டும்?

கோவை அண்ணனுக்கு வணக்கம். நியாயமான கேள்வி. மற்ற இடங்களில் அந்தச் சொல்லோடு எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் இப்போது நான் எழுதிக்கொண்டிருப்பது டிராக் பந்தய (drag, நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் வழக்கமாகக் கால் மைல் பாயும் பந்தயம்) எஞ்சினுக்குப் பிளாக் தேர்ந்தெடுப்பது பற்றிய ஒரு வழிகாட்டி. டெக்சாஸில் இருக்கும் அக்கா மகன் ஆயிரம் குதிரைத்திறனுக்கு மேல் வருகிற மாதிரி ஒரு கார் கட்டுகிறான். “எந்தப் பிளாக் எடுக்கலாம் மாமா?” என்று கேட்டான். அவனுக்குச் சொல்வதைத் தமிழில் எழுதி வைத்தால் இங்கே மெக்கானிக்கல் படிக்கிற பிள்ளைகளுக்கும் ஆகுமே என்று ஆரம்பித்தேன். அண்ணா பல்கலைக்கழகம் 2010இலேயே தமிழ்வழியில் இயந்திரப் பொறியியல் தொடங்கிவிட்டது. படிக்க ஆள் இருக்கிறது, எழுதினால்தானே ஆச்சு.

உருளைத் தொகுதி அங்கேதான் காலை வாரியது. அந்தச் சொல்லைக் கேட்டதும் நாலோ ஆறோ எட்டோ உருளைகள் வரிசையாக நிற்கிற படம்தான் மனத்தில் வருகிறது. பந்தயத்தில் பிளாக் உடைவது பெரும்பாலும் வேறு இடத்தில்.

சுமை எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். உருளையின் விட்டம் 102 மில்லி, எரியும்போது உச்ச அழுத்தம் 100 பார் (சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு) என்று வைத்துக்கொள்வோம். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ மாட்டிய பந்தய எஞ்சினில் இதற்கு மேலேயும் போகும். அந்தக் கணக்கில் பிஸ்டன் தலையில் இறங்கும் விசை 8 டன்னுக்கு மேல் வருகிறது. அதே 8 டன், உருளைகளை மேலே மூடியிருக்கும் ஹெட்டை மேல்நோக்கியும் தள்ளுகிறது. பிஸ்டனில் விழுந்தது கனெக்டிங் ராடு வழியாக இறங்கி, அடியில் சுழலும் கிராங்க் தண்டைக் கீழே தள்ளுகிறது. ஹெட்டைப் பிடித்திருப்பவை ஹெட் போல்ட்டுகள், கிராங்கைப் பிடித்திருப்பவை மெயின் கேப்புகள் என்கிற மூடிகள். இரண்டின் போல்ட்டுகளும் கடைசியில் பல் பிடித்து நிற்பது பிளாக்கில்தான். மேலே ஓடப் பார்ப்பதையும் கீழே ஓடப் பார்ப்பதையும் பிரியவிடாமல் சேர்த்துக் கட்டி வைத்திருப்பதுதான் அதன் முதல் வேலை. உருளைக்கு இடம் கொடுப்பது அதற்கு அடுத்தபடி.

போர்டு (Ford) கம்பெனியின் 302 எஞ்சினோடு வரும் தொழிற்சாலைப் பிளாக்கைப் பந்தயக்காரர்கள் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். 500 குதிரைத்திறனைத் தாண்டி அழுத்த ஆரம்பித்தால் அது நெடுக்காக இரண்டாகப் பிளக்கும். கிராங்க் உட்காரும் குறுக்குச் சுவர்களில் விரிசல் தொடங்கி, வால்வுகளை இயக்கும் கேம் தண்டின் ஓட்டை வழியாக, மேலே கேம் தள்ளும் லிப்டர்கள் நிற்கும் பள்ளம்வரை ஏறிவிடும். உருளைகள் பாட்டுக்கு நன்றாகவே இருக்கும், பிளாக் மட்டும் இரண்டு துண்டு. இதைப் போய் ‘உருளைத் தொகுதி உடைந்தது’ என்று எழுதினால், படிக்கிற பையன் உருளைச் சுவரில்தான் விரிசலைத் தேடுவான்.

நான் முன்வைக்கிற சொல் ‘எந்திரக்கட்டு’. பேச்சு எதைப் பற்றி என்று தெரிந்த இடத்தில் வெறும் ‘கட்டு’ போதும்.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம். முகப்பு, வளவு என்று தொடங்கி இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று பின்தெருவரை போகிற வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். சுவரும் தூணும் கூரையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒரே உருவாக நிற்கிற பகுதி கட்டு. அதற்குள் எத்தனை அறை இருக்கிறது என்பது பெயரில் வராது. எந்திரத்திலும் அதே கதைதான். உள்ளே ஆறு உருளை இருந்தாலும் எட்டு இருந்தாலும் கட்டு ஒன்று. உடற்கட்டு, கட்டுமானம், கட்டுக்கோப்பு எல்லாம் தமிழ்நாடு முழுக்கப் புரிகிற சொற்கள். கரூரில் பஸ்ஸுக்குப் பாடி ‘கட்டுகிறார்கள்’ என்றுதான் சொல்கிறோம்.

> கட்டு என்றால் காயத்துக்குப் போடும் கட்டும் வரும், விறகுக் கட்டும் வரும். குழப்பாதா?

திருச்சி அக்கா கேட்டது. அக்கா, ஆங்கிலத்தில் பிளாக் என்பது ஊராட்சி ஒன்றியத்துக்கும் வரும், அடுக்குமாடிக்கும் வரும், அச்சுக்கூடத்துப் படத்துக்கும் வரும். எஞ்சினைப் பற்றிப் பேசும்போது யாரும் குழம்புவதில்லை. ‘இந்தக் கட்டுல ரெண்டு தடவை போர் போட்டாச்சு’ (உருளையைக் கடைந்து பெரிதாக்கியாச்சு) என்று பட்டறையில் சொன்னால் யாருக்கும் விறகு ஞாபகம் வராது. எழுத்தில் முதல் இடத்தில் எந்திரக்கட்டு என்று முழுதாகக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

‘பொறியுடல்’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உடல் என்றதும் வண்டியின் பாடி குறுக்கே வந்து நிற்கிறது. ‘வார்ப்பு’ என்பதும் சரிப்படாது, ஏனென்றால் எல்லாக் கட்டும் வார்ப்பில்லை. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

ஒரு சொல் நல்ல சொல்லா என்று பார்க்க அதிலிருந்து மற்ற சொற்கள் தடையில்லாமல் கிளைக்கின்றனவா என்று பார்ப்பேன். வழிகாட்டியின் மைய அத்தியாயத்தை இந்தச் சொல்லை வைத்தே எழுதிப் பார்த்தேன். அதன் சுருக்கம் இது. தடுக்குகிற இடத்தைச் சொல்லுங்கள்.

முதலில் இரும்புக்கட்டா, அலுமினியக்கட்டா? சாம்பல் வார்ப்பிரும்பு அலுமினியத்தைவிட விறைப்பானது, சுமையில் குறைவாகவே நெளியும். சூட்டில் அலுமினியம் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அதனால் அலுமினியக்கட்டில் எஞ்சின் சூடேறினதும் கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங்கின் இடைவெளி கூடிவிடும். குளிர்ந்திருக்கும்போது அதைக் கணக்குப் பண்ணியே இடைவெளி வைக்க வேண்டும். இரும்புக்குப் பாதகம் எடைதான். ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் எஞ்சின் குடும்பத்தில் இரும்புக்கட்டு அலுமினியக்கட்டைவிட ஏறத்தாழ 40 கிலோ கூடுதல், அதுவும் பெரும்பாலும் முன்சக்கரத்தின் மேல் உட்காரும். டிராக் காருக்குப் பிடிமானம் வேண்டியது பின்சக்கரத்தில். அலுமினியக்கட்டுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ராடு உடைந்து பக்கவாட்டில் ஓட்டை போட்டால்கூட வெல்டு வைத்து, புது ஸ்லீவ் (உருளையின் உள்ளுறை) இறக்கி மறுபடி ஓட்டலாம். வார்ப்பிரும்பில் அந்த மாதிரி வெல்டு வைப்பது பெரும்பாடு.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. கிராபைட்டு இழைகள் தட்டையாக இல்லாமல் புழுவாக நெளிந்து கிடக்கும் வார்ப்பிரும்பு. சாதாரண சாம்பல் இரும்பைவிட இழுவலிமை ரொம்பவே அதிகம். இதற்கு ‘நெளியிழை இரும்பு’ என்று எழுதியிருக்கிறேன்.

அடுத்து, கட்டு எப்படி உருவாகிறது. உருக்கி ஊற்றினால் வார்ப்புக்கட்டு. 6061 ரக அலுமினியப் பாளத்தை எடுத்து, வேண்டாததை எல்லாம் கணினி ஓட்டும் சிஎன்சி மிஷினில் குடைந்து எடுத்தால் பில்லட். இதற்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘குடைவுக்கட்டு’. பிள்ளையார்பட்டியிலும் குன்றக்குடியிலும் முழுப்பாறையைக் குடைந்து செய்த கோயிலைக் குடைவரை என்கிறோம். அதே வினைதான் இதிலும் நடக்கிறது, அதே சொல் இருக்கட்டும். அமெரிக்காவின் அதிவேக டிராக் பந்தயப் பிரிவான டாப் பியூவல் கார்களில் இருப்பது இந்த வகை. பழைய 426 ஹெமி எஞ்சினின் வழியில் வந்த 500 கன அங்குல எஞ்சின், கட்டுக்குள் தண்ணீர் ஓடும் வழியே கிடையாது, முழுக்க உலோகம். நாலு விநாடிக்குள் ஓடி முடித்துவிடுவதால் தண்ணீருக்கு வேலையில்லை. (அவர்கள் இப்போது கால் மைலும் ஓடுவதில்லை. 2008இலிருந்து 1,000 அடிதான்.)

கட்டின் உச்சியில் ஹெட் உட்காரும் பரப்புக்கு ‘மேல்முகம்’. நம் லேத்துப் பட்டறைகளில் ‘பேஸ் அடிக்கிறது’ என்று சொல்கிறார்களே, அந்த முகம்தான். உருளைகளைச் சுற்றி மேலே தண்ணீர்ச் சந்து திறந்தே கிடந்தால் திறந்த மேல்முகம், ஹோண்டாவின் பி வரிசை எஞ்சின்களில் உள்ளது அது. சூடு நன்றாக ஆறும், ஆனால் அழுத்தம் ஏறினால் உருளைகளின் தலை ஆடும், ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் போகும். பந்தயத்துக்கு மூடிய மேல்முகம் வேண்டும்.

கிராங்கைத் தாங்கும் குறுக்குச் சுவர் ‘தாங்கிச்சுவர்’. மெயின் கேப் ‘தாங்கி மூடி’. இந்த இரண்டிலும்தான் காசு போட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். செவ்ரோலேயின் பழைய ‘ஸ்மால் பிளாக்’ எஞ்சினில் கட்டின் பக்கச்சுவர் கிராங்கின் மையக்கோட்டோடு நின்றுவிடும். எல்எஸ் எஞ்சினில் அதற்குக் கீழேயும் இறங்குகிறது, ஒவ்வொரு தாங்கி மூடிக்கும் நாலு போல்ட்டு கீழிருந்தும் இரண்டு பக்கவாட்டிலிருந்தும் பிடிக்கின்றன. மூடி முன்பின்னாகத் தள்ளாட இடமில்லை. டொயோட்டாவின் 2ஜேஇசட் எஞ்சின் பெயரெடுத்ததற்கும் காரணம் இதே பக்கத்தில்தான் இருக்கிறது. இரும்புக்கட்டு, ஆறு உருளைக்கு ஏழு தாங்கி.

பழைய கட்டு வாங்கினால் சோதிக்காமல் பணம் கொடுக்கக் கூடாது. எங்கள் பட்டறையில் லாரி, டிராக்டர் கட்டுகளுக்குச் செய்வதுதான் அங்கேயும். தாங்கிச்சுவரில் போல்ட்டு இறங்கும் இடத்தை எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவிக் காயவைத்து, சிவப்புச் சாயம் அடித்து ஊறவிட வேண்டும். அப்புறம் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியை அடிக்க வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றுமே தெரியாது. பிறகு போல்ட்டு ஓட்டையின் விளிம்பில் சிவப்பு மெல்லக் கசிந்து, மயிரிழை அளவுக்குக் கோடாக ஓடும். விரல் நகத்தால் தடவினால் தட்டுப்படாத விரிசல் அது. அந்தக் கட்டு டிராக்டருக்கே ஆகாது, ஆயிரம் குதிரைக்குப் பேச்சே இல்லை.

உருளைச் சுவரின் தடிமனை ஒலியலைக் கருவியால் பார்க்க வேண்டும். வார்க்கும்போது உள்ளிருக்கும் மணல்கரு (உள்வெளி விழுவதற்காக அச்சுக்குள் வைக்கும் மணலுரு) கொஞ்சம் நகர்ந்திருந்தால் ஒரு பக்கம் தடியாகவும் மறுபக்கம் மெலிசாகவும் வந்திருக்கும். பிஸ்டன் அழுத்தும் பக்கத்தில் 5 மில்லியாவது இருக்கட்டும் என்று பொதுவாகக் கேட்பார்கள். போர் பெரிதாக்குவதற்கு முன்னாலேயே இதைப் பார்க்க வேண்டும், பின்னால் பார்த்துப் பயனில்லை.

தண்ணீர்ச் சந்தில் சிமெண்டு மாதிரி கெட்டிப்படும் கலவையை ஊற்றி எந்திரக்கட்டை இறுக்குவதும் உண்டு. அடிப்பாதிவரை ஊற்றினால் ரோட்டிலும் ஓட்டலாம், எண்ணெய்ச் சூட்டை மட்டும் கவனிக்க வேண்டும். முழுக்க நிரப்பினால் பந்தயத்துக்கு மட்டும்தான். ‘கட்டு நிரப்பல்’ என்று போட்டிருக்கிறேன்.

அக்கா மகனுக்கு நான் சொன்னது: ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப் வண்டிகளில் வந்த 6 லிட்டர் இரும்புக்கட்டு, எல்க்யூ4 அல்லது எல்க்யூ9, விரிசலும் தடிமனும் பார்த்து வாங்கு. ஆயிரத்தை ஒட்டி ஓட்ட அதுவே போதும். ஆயிரத்தைந்நூறுக்கு ஆசை இருந்தால் அதில் காசைக் கொட்டாதே. ஆரம்பத்திலேயே டார்ட் மாதிரி பந்தயத்துக்கென்றே வார்க்கிறவர்களின் இரும்புக்கட்டுக்குப் போ. குடைவுக்கட்டு உன் கைக்காசுக்குக் கட்டாது. எடையைப் பற்றிக் கவலைப்படுகிறான். 40 கிலோவை வண்டியில் வேறு எங்கேயாவது குறைக்கலாம், தாங்கிச்சுவரில் குறைக்க முடியாது என்று சொல்லியிருக்கிறேன்.

> மெக்கானிக்குக்குப் பிளாக் என்றாலே புரியும். எதற்கு இந்தப் பாடு?

மெக்கானிக் பிளாக் என்றே சொல்லட்டும், நானும் பட்டறையில் அப்படித்தான் சொல்கிறேன். எழுதும்போது ஒரே பக்கத்தில் பிளாக், டெக், வெப், கேப், ஸ்கர்ட் என்று அடுக்கினால் முதல் தடவை படிக்கிற பிள்ளைக்கு எது எதோடு சேர்ந்தது என்று பிடிபடாது. கட்டு, மேல்முகம், தாங்கிச்சுவர், தாங்கி மூடி என்றால் படமே இல்லாமல் பாதி விளங்கிவிடும். போல்ட்டு, கேஸ்கட், பிஸ்டன், டர்போ எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்பது என் கட்சி. ஊரே சொல்கிற சொல்லைப் பிடுங்க வேண்டியதில்லை.

சென்னைப் பக்கம் சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில்தான் அந்தக் காலத்தில் கார்ப் பந்தயம் நடந்தது. நம் செட்டிநாட்டிலும் கால்நடைப் பண்ணைப் பக்கம் அப்படி ஒரு போர்க்காலத்து ஓடுதளம் கிடக்கிறது. ஒருநாள் இங்கேயும் முறையான பாதுகாப்போடு கால் மைல் ஓடுவார்கள் என்று எனக்கு நிஜமாகவே ஆசை. அதற்குள் தமிழில் ஒரு நல்ல வழிகாட்டி தயாராக இருக்க வேண்டும்.

இரண்டு இடத்தில் உங்கள் முடிவு வேண்டும். பில்லட்டுக்குக் குடைவுக்கட்டா, பாளக்கட்டா? வார்ப்பில் மணல்கரு நகர்ந்துபோவதற்கு ‘கருவிலகல்’ என்று போட்டிருக்கிறேன். கோவை வார்ப்படச் சாலைகளில் ஆட்கள் வாயில் வேறு சொல் புழங்கினால், அண்ணே, அதையே எழுதி அனுப்புங்கள், என்னுடையதை எடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து