புதுப்பிப்பு: கிராம் சாயத்தில் பேசில்லஸ் ரோஸ் கலரில் வந்த விவகாரம் தீர்ந்தது

பாக்டீரியாவை நிறத்தை வைத்து இரண்டு வகையாகப் பிரிக்கும் கிராம் சாயச் சோதனை சரியாக வரவில்லை என்று போன வாரம் புலம்பியது நான்தான். பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற குச்சி வடிவ பாக்டீரியா கிராம் பாசிட்டிவ், அதாவது ஊதாச் சாயத்தைப் பிடித்து வைக்கும் வகை, ஊதாவாகத் தெரிய வேண்டும். எனக்கோ மூன்று ஸ்லைடும் ரோஸ். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

முதலில், சாயத்தைக் கழுவ ஊற்றும் ஆல்கஹாலை 10 விநாடிக்குக் குறைத்தேன். பாதிதான் தேறியது. "கல்ச்சர் எத்தனை நாள் பழசு தம்பி?" என்று கேட்ட அக்காதான் சரியாகப் பிடித்தார். நான் வளர்த்து வைத்திருந்த பாக்டீரியா நாலு நாள் பழசு! வயதான செல்லின் சுவரில் ஊதா தங்காது. 18 மணி நேரக் கல்ச்சரில் போட்டேன்: பளிச்சென்று கத்தரிப்பூ நிறக் குச்சிகள், சங்கிலி சங்கிலியாக.

எதிர்பாராத ஒன்று: பழைய ஸ்லைடில் குச்சிக்குள் நிறமில்லாத ஓட்டைபோல இருந்தவை ஸ்போர்கள், அதாவது கஷ்டகாலத்தைத் தாங்க பாக்டீரியா உருவாக்கும் வித்துகள்; சாயம் அவற்றுக்குள் ஏறாது. நான் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

ஊதாச் சாயத்தைச் செல்லுக்குள் நிலைக்க வைக்கும் அயோடின் பாட்டிலையும் நாகமலை தெரியும் ஜன்னலிலிருந்து அலமாரிக்குள் வைத்துவிட்டேன். வெளிச்சம் பட்டால் வீரியம் போய்விடும். மதுரை வெயிலைச் சொல்லவா வேண்டும்.