பனியைப் போட்டு மறைப்பது திறமையா, ஏமாற்றா? கன்சோல் கிராபிக்ஸ் பற்றி ஒரு வாதம்

நொய்யல்கரை (திருப்பூர்)

போன வாரம் வேறொரு இழையில் ஜமக்காளத்தார் அண்ணன் எழுதியிருந்தார்: "சைலன்ட் ஹில் பனியைக் கொண்டாடுகிறவர்கள் இன்றைய அப்ஸ்கேலிங்கை மட்டும் ஏன் திட்டுகிறீர்கள்? இரண்டும் ஒரே வேலைதான்." சைலன்ட் ஹில் ஒரு பழைய திகில் விளையாட்டு, தூரத்தை மூடுபனியால் மறைத்தது; அப்ஸ்கேலிங் என்பது குறைந்த பிக்சலில் வரைந்து பெரிதாக்கிக் காட்டுவது. இரண்டும் ஒன்று என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அங்கே பேச்சு திசைமாறிவிடும் என்பதால் தனி இழை.

ஐயாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு விளையாட்டு வாங்கினேன். பெயர் வேண்டாம். விளம்பரம் முழுக்க 4கே. நொடிக்கு 60 ஃப்ரேம் (படம்) வேண்டுமென்று, வேகத்துக்கு முன்னுரிமை தரும் பெர்ஃபார்மன்ஸ் மோடில் வைத்தால் மரத்து இலையெல்லாம் மினுமினுக்கிறது, கம்பி வேலி நெளிகிறது, கேமராவை வேகமாகத் திருப்பினால் ஆளுக்குப் பின்னால் ஓர் இழுவை வருகிறது. காரணம், உள்ளே வரைவதே 1080பி அளவில்தான். 4கே என்றால் 82,94,400 பிக்சல். 1080பி என்றால் 20,73,600. நாலில் ஒரு பங்கை வரைந்துவிட்டு மீதி மூன்று பங்கைக் கணக்குப் போட்டு நிரப்புகிறார்கள். சைலன்ட் ஹில்காரர்கள் பனியைப் பனி என்று சொல்லித்தான் காட்டினார்கள். இவர்கள் 1080பி-யை 4கே என்று சொல்லி விற்கிறார்கள். இது எப்படி ஒரே வேலை ஆகும்?

ஜமக்காளத்தார் (பவானி)

வாங்க தம்பி. கோபம் நியாயம்தான், ஆனால் பழைய ஆட்களும் இல்லாததை இருப்பதாகத்தான் காட்டினார்கள்.

சோனியின் முதல் ப்ளேஸ்டேஷன் கன்சோல், அதாவது டிவியில் மாட்டி ஆடும் பெட்டி, 1994-இல் வந்தது. 2 எம்பி ரேம், 1 எம்பி வீடியோ ரேம். 3டி உருவமெல்லாம் முக்கோணங்களால் ஆனது. எந்த முக்கோணம் முன்னால், எது பின்னால் என்று பிக்சல் வாரியாகப் பார்த்துக்கொள்ளும் இசட் பஃபர் அதில் கிடையாது. தூரத்துக்குத் தகுந்தபடி டெக்ஸ்சரை (உருவத்தின் மேல் ஒட்டும் படத்தை) சரிசெய்யும் வசதியும் கிடையாது. தரைக் கட்டங்கள் நடக்க நடக்க வளைவது அதனால்தான். அப்படிப்பட்ட பெட்டியில் 1999-இல் சைலன்ட் ஹில் ஒரு முழு ஊரைத் தெருத்தெருவாகக் காட்ட வேண்டியிருந்தது. தொலைவில் இருப்பதை வரையச் சக்தி இல்லை. பனியையும் இருட்டையும் இறக்கினார்கள், பயம் தானாக வந்தது.

எங்கள் ஊர் ஜமக்காளத்தில் ஏன் பட்டை பட்டையாக நிறம் வருகிறது தெரியுங்களா? நூல் தடிப்பு. நுணுக்கமான பூ வேலைப்பாடு அந்த நூலில் எடுக்காது. அதனால் அகலப் பட்டை போட்டார்கள். இன்றைக்கு அந்தப் பட்டையைப் பார்த்துத்தான் பவானி சரக்கு என்று வாங்குகிறார்கள். முடியாததிலிருந்து பிறந்ததுதான் அந்த அழகே.

1991-இல் மெகா டிரைவ் கன்சோலுக்கு வந்த சோனிக் விளையாட்டையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கன்சோலுக்கு ஒரு படத்தின் வழியாக இன்னொன்று தெரிகிற மாதிரி வரைய வராது. அருவியைச் செங்குத்துக் கோடுகளாக, ஒன்று விட்டு ஒன்று வரைந்தார்கள். பழைய டிவியில் மஞ்சள் ஒயர் மாட்டிப் பார்த்தால் கோடுகள் ஒன்றோடொன்று கலங்கி, தண்ணீர் வழியாகப் பின்னால் இருப்பது தெரியும். ஒயரின் குறையைக்கூட வேலைக்கு வைத்தார்கள். இதை யாராவது ஏமாற்று என்பார்களா?

கொடிவேரி (கோபி)

அண்ணா, நீங்கள் ஜெயித்த விளையாட்டுகளை மட்டும் எண்ணுகிறீர்கள். அதே 1999-இல் நின்டெண்டோ 64 கன்சோலுக்கு ஒரு சூப்பர்மேன் விளையாட்டு வந்தது. அதிலும் மூடுபனிதான். "இது கிரிப்டனைட் பனி" என்று கதையில் காரணம்கூடச் சொல்லிப் பார்த்தார்கள். இன்றுவரை மோசமான விளையாட்டுகளைப் பட்டியல் போட்டால் அது முன்வரிசையில் நிற்கிறது. பறக்கிற ஆளுக்கு ஊர் தெரிய வேண்டும். அதைப் பனியில் மூடினால் என்ன மிச்சம்?

ஒரே வருடம், ஒரே உத்தி. ஒன்று நின்றது, ஒன்று விழுந்தது. அதனால் "குறை இருந்தால் கலை வரும்" என்பதை நான் ஏற்க மாட்டேன்.

வெள்ளக்கோவில்_வேலு

குறுக்கே ஒரு கேள்விங்க. சின்ன வயதில் ஈரோட்டுச் சந்தையில் வாங்கின டிவி கேமில், திரையில் ஆட்கள் அதிகமானால் எல்லோரும் விட்டுவிட்டு மின்னுவார்கள். அது டூப்ளிகேட் மெஷின் கோளாறா?

ஜமக்காளத்தார் (பவானி)

இல்லைங்க, அசல் மெஷினிலும் அப்படித்தான். நின்டெண்டோவின் பழைய ஃபேமிகாம் கன்சோலில் ஒரு கிடைக்கோட்டில் 8 ஸ்ப்ரைட்டுக்கு (நகரும் சின்னப் படத்துக்கு) மேல் வராது. ஒன்பதாவதாக வருபவன் காணாமல் போவான். அதனால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் வரையும் வரிசையை மாற்றினார்கள். ஒருவனே நிரந்தரமாக மறையாமல் எல்லோரும் மாறி மாறி மின்னுவார்கள். எதிரியின் குண்டு கண்ணுக்கே தெரியாமல் வந்து அடிப்பதைவிட மின்னிக்கொண்டு வருவது மேல் என்று யோசித்துச் செய்தது. சூப்பர் மாரியோவில் மேகமும் புதரும் ஒரே படம், நிறம் மட்டும் வேறு. மொத்த விளையாட்டே 40 கேபி.

பீளமேடு_பிக்சல் (கோவை)

நான் இங்கே ஒரு ஸ்டுடியோவில் வெளிநாட்டு விளையாட்டுகளுக்கு 3டி மாடல் செய்கிறேன். இந்த வேலை எப்படி நடக்கிறது என்று சொன்னால் இரண்டு பக்கத்துக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

உத்தி நல்லதா கெட்டதா என்பதை நான் ஒன்றை வைத்துத்தான் பார்ப்பேன்: அதை எப்போது முடிவு செய்தார்கள்? 1996-இல் முதல் ப்ளேஸ்டேஷனுக்கு வந்த க்ராஷ் பேண்டிகூட் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இசட் பஃபர் இல்லாத பெட்டி என்று அண்ணன் சொன்னார். எந்த முக்கோணத்தை முதலில் வரைவது என்று ஒவ்வொரு ஃப்ரேமிலும் வரிசைப்படுத்தினால் அந்தச் சின்ன ப்ராசசர் தாங்காது. அதனால் கேமராவை ஒரே தடத்தில் ஓடவிட்டார்கள். தடம் மாறாது என்றால் எந்த இடத்தில் நின்றால் எது தெரியும், எது மறையும் என்பதை முன்கூட்டியே பெரிய சிலிக்கான் கிராபிக்ஸ் கம்ப்யூட்டர்களில் கணக்குப் போட்டு டிஸ்கில் எழுதிவிடலாம். க்ராஷ் உடம்பின் பெரும்பகுதிக்கு டெக்ஸ்சரே கிடையாது, வெறும் நிறம் பூசிய முக்கோணங்கள். திரையில் அவன் அவ்வளவு சின்னதாகத் தெரியும்போது டெக்ஸ்சரில் செலவழிப்பது வீண். அதை மிச்சம் பிடித்து முகபாவத்தில் போட்டார்கள். கேமரா, ஆட்டம், பாத்திரத்தின் உருவம் மூன்றும் ஒரே முடிவிலிருந்து வந்தவை.

அடுத்து 2007-இல் வந்த ஹேலோ 3 விளையாட்டு. அது ஓடிய எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலில் வரைவதற்கென்று 10 எம்பி அதிவேக நினைவகம் தனியாக உண்டு, அதாவது 1,04,85,760 பைட். நல்ல வெளிச்ச வித்தியாசம் வேண்டுமென்று அவர்கள் ஒவ்வொரு ஃப்ரேமையும் இரண்டு வண்ண பஃபரில் (படத்தைத் தேக்கிவைக்கும் நினைவகப் பகுதியில்) வரைந்தார்கள். ஆழத்துக்கு இன்னொன்று. பிக்சலுக்கு 4 பைட் வீதம் மூன்றுக்கும் 12 பைட். 1280×720 என்றால் 1,10,59,200 பைட் ஆகிறது, கொள்ளாது. 1152×640 என்றால் 88,47,360 பைட், உள்ளே அடங்கிவிடும். அவர்கள் 1152×640-இல் வரைந்தார்கள். ரசிகர்கள் பிக்சலை எண்ணிக் கண்டுபிடித்துச் சத்தம் போட்டபோது ஸ்டுடியோ வெளிப்படையாகவே காரணம் சொன்னது: பிக்சலைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வெளிச்சத்தை வாங்கினோம் என்று.

இதெல்லாம் படத்துக்கு மட்டும் இல்லை. ப்ளேஸ்டேஷன் 4-க்கு 2018-இல் வந்த ஸ்பைடர்மேனில் ஒரே தபால்பெட்டி மாதிரியான பொருள்களின் தகவலை ஹார்ட் டிஸ்கில் திரும்பத் திரும்ப எழுதி வைத்தார்கள். சில தகவல் 400 இடத்தில் இருந்ததாக, ப்ளேஸ்டேஷன் 5-ஐ வடிவமைத்த மார்க் செர்னி 2020-இல் அதைப் பற்றிப் பேசும்போது சொன்னார். டிஸ்கின் ஊசி தேடி அலைகிற நேரம் மிச்சமாகும் என்பதற்காக. ஸ்பைடர்மேன் ஊசலாடுகிற வேகத்துக்கே டிஸ்க்தான் எல்லை.

இனி நொய்யல்கரை தம்பி சொன்ன இலை. டெம்பொரல் அப்ஸ்கேலிங், அதாவது முந்தைய ஃப்ரேம்களையும் சேர்த்துப் பெரிதாக்குவது, வெறும் ஊகம் இல்லைங்க. ஒவ்வொரு ஃப்ரேமிலும் கேமராவை ஒரு பிக்சலுக்கும் குறைவாக நகர்த்தி வரைகிறார்கள். அடுத்தடுத்த ஃப்ரேம்களில் ஒரே இடத்தின் வெவ்வேறு புள்ளிகள் உண்மையாகவே வரையப்படுகின்றன. எந்தப் பொருள் எங்கே நகர்ந்தது என்று சொல்லும் மோஷன் வெக்டரை வைத்து அவற்றைச் சேர்க்கிறார்கள். பிரச்சினை வருவது காற்றில் ஆடும் இலை, புகை, தீப்பொறி, கண்ணாடி இவற்றில். புகைக்கும் தீப்பொறிக்கும் பெரும்பாலும் மோஷன் வெக்டரே எழுதுவதில்லை. பழைய ஃப்ரேமை நம்பக்கூடாத இடத்தில் நம்பினால் இழுவை. நம்ப வேண்டிய இடத்தில் தூக்கிப்போட்டால் மினுமினுப்பு. தொடக்கத்திலேயே "இதைத்தான் பயன்படுத்தப் போகிறோம்" என்று முடிவு செய்தால் இலையைக் கொஞ்சம் தடிப்பாக மாடல் செய்வோம், வேலிக் கம்பியின் இடைவெளியைக் கூட்டுவோம். கடைசி மாதத்தில் வந்து சேர்த்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் விளையாட்டில் அதுதான் நடந்திருக்கும் போல் தெரிகிறது.

நொய்யல்கரை (திருப்பூர்)

அக்கா, இவ்வளவு விவரமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை, நன்றிங்க. ஆனால் ஹேலோ 3 என் பக்கத்துச் சாட்சி என்றுதான் நினைக்கிறேன். 640பி என்று ஒப்புக்கொண்டு காரணம் சொன்னார்கள், பேச்சு முடிந்தது. 2013-இல் கில்ஜோன் ஷேடோ ஃபால் என்ற விளையாட்டு என்ன செய்தது? 1080பி என்று விளம்பரம். பலர் சேர்ந்து ஆடும் மல்டிபிளேயரில் ஒவ்வொரு ஃப்ரேமிலும் வரைந்தது 960×1080, அதாவது பாதி. மீதிப் பாதி முந்தைய ஃப்ரேமிலிருந்து. 2014-இல் அமெரிக்காவில் இதற்காக வழக்கே போட்டார்கள்.

ஜமக்காளத்தார் (பவானி)

அந்த வழக்கு எனக்கும் நினைவிருக்கிறது. ஆனால் வெளிவந்து பல மாதம் வரை யாருமே கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்க. பிக்சல் எண்ணுகிறவர்கள் எண்ணிச் சொன்ன பிறகுதான் கோபம் வந்தது. அதுவரை 60 ஃப்ரேமை எட்டப் பார்க்கிற அந்த வேகத்தை எல்லோரும் ரசித்தார்கள். கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாதபோது ஆட்டக்காரன் இழந்தது என்ன?

பழைய உத்தியைக் கழற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2012-இல் வந்த சைலன்ட் ஹில் எச்டி தொகுப்பில் இரண்டாம் பாகத்தின் பனி மெலிந்து, உலகம் முடிகிற விளிம்பு வெளியே தெரிந்தது. 2021-இல் ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் விளையாட்டைப் புதுப்பித்தபோது தூரத்து மங்கலை எடுத்துவிட்டார்கள். வெளிவந்த சமயத்தில் மலை உச்சியில் நின்றால் பெரிய நகரம் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. 32 எம்பி ரேம் உள்ள ப்ளேஸ்டேஷன் 2-இல் ஒரு மாநிலம் முழுக்கச் சுற்றின உணர்வு, அதைவிடப் பல மடங்கு சக்தி உள்ள மெஷினில் போய்விட்டது.

கொடிவேரி (கோபி)

"கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் சரி" என்பது ஆபத்தான வாதம் அண்ணா. தெரிகிற இடத்துக்கு வாருங்கள். 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 விளையாட்டு பழைய கன்சோல்களில் எப்படி ஓடியது? சோனி தன் இணையக் கடையிலிருந்தே எடுத்துவிட்டது, 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது. டைனமிக் ரெசல்யூஷன் (சுமைக்குத் தகுந்தபடி பிக்சல் அளவை மாற்றுவது), மங்கிய டெக்ஸ்சர் எல்லாம் அதிலும் இருந்தன. காப்பாற்றவில்லை.

2019-இல், சைபர்பங்க் செய்த அதே நிறுவனத்தின் விட்சர் 3 விளையாட்டு நின்டெண்டோ ஸ்விட்சுக்கு வந்தது. 4 ஜிபி ரேம் உள்ள கைப்பெட்டி. கையில் வைத்து ஆடும்போது 540பி. 30 ஃப்ரேம், புல் குறைவு, நிழல் குறைவு. 6.2 அங்குலத் திரையில் அது போதுமாக இருந்தது, வாங்கினவர்கள் திட்டவில்லை. எதை வெட்டினோம் என்பது முதல் நாளே எல்லோருக்கும் தெரியும். எனக்கு வேறுபாடு அங்கேதான். பழசு, புதுசு என்பதில் இல்லை.

பீளமேடு_பிக்சல் (கோவை)

இது சரியான இடம். 2023-இல் பால்டர்ஸ் கேட் 3 விளையாட்டு எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ் கன்சோலுக்கு வந்தபோது திரையை இரண்டாகப் பிரித்து ஆடுவதை எடுத்துவிட்டே வெளியிட்டார்கள். அதைவிடச் சக்தி கூடிய சீரீஸ் எக்ஸில் ரேம் 16 ஜிபி, எஸ்-இல் 10 ஜிபி. ரெசல்யூஷனைக் குறைத்தால் கிராபிக்ஸ் சுமை குறையும்; இரண்டு ஆட்கள் உலகத்தின் இரண்டு மூலையில் நின்றால் வேண்டிய நினைவகம் குறையாது. பிக்சலில் சரிக்கட்ட முடியாத குறையும் உண்டு. அதை மறைக்காமல் அறிவித்தார்கள்.

நொய்யல்கரை (திருப்பூர்)

அப்படியென்றால் என் கோரிக்கை ஒன்றுதான். விளையாட்டு வருகிற அட்டையின் பின்பக்கம் '4கே' என்று போடுகிற இடத்தில் உள்ளே வரையும் ரெசல்யூஷனையும் ஃப்ரேம் ரேட்டையும் மோடு வாரியாகப் போடட்டும். பனியன் வாங்கினால்கூடக் காட்டன் எத்தனை சதவீதம், பாலியஸ்டர் எத்தனை என்று போட்டிருக்கிறது. இங்கே அது முறை.

ஜமக்காளத்தார் (பவானி)

போட்டால் என்ன ஆகும் தெரியுங்களா? 1440பி என்று எழுதியிருக்கிற மோசமான விளையாட்டை வாங்கிவிட்டு, 1080பி என்று எழுதியிருக்கிற அருமையான விளையாட்டை விட்டுவிடுவார்கள். எண்ணைத் துரத்தி ஸ்டுடியோக்கள் வெளிச்சத்தையும் அசைவையும் வெட்டும். ஹேலோ 3 அந்த வெளிச்சத்தோடு வந்திருக்கவே முடியாது. நான் இதற்கு எதிர்தான்.

பீளமேடு_பிக்சல் (கோவை)

செய்முறையில் ஒரு சிக்கலும் உண்டு. டைனமிக் ரெசல்யூஷனில் எண் நிலையாக இருக்காது. 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.6 மில்லிசெகண்ட், சண்டை கூடினால் அதற்குள் முடிக்க உடனே குறையும், சுவரைப் பார்த்து நின்றால் ஏறும். எந்த எண்ணைப் போடுவது?

கொடிவேரி (கோபி)

கீழ் எல்லையைப் போடட்டும். எவ்வளவு இறங்கலாம் என்று ஸ்டுடியோவே நிர்ணயித்துத்தானே எஞ்சினில் (விளையாட்டை இயக்கும் மென்பொருளில்) கொடுக்கிறார்கள்?

பீளமேடு_பிக்சல் (கோவை)

ஆமாம், அந்த எண் செட்டிங்கில் இருக்கும். அதைப் போடலாம்.

நொய்யல்கரை (திருப்பூர்)

எனக்கு அது போதுங்க. ஜமக்காளத்தார் அண்ணா, நீங்கள் எதிர்ப்பு என்றே வைத்துக்கொள்கிறேன்.