பீட் மண்ணில் வாளி வைத்து கார்பன் டைஆக்சைடு அளந்தால் கோடு வளைகிறதே?

தெலுக்_இந்தான்_பையன்:
செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்து பீட் மண், அதாவது பாதி மக்கிய செடிகொடிகள் சேர்ந்த சதுப்பு மண், விடும் கார்பன் டைஆக்சைடை அளக்கிறேன். 20 செ.மீ. பிவிசி வளையம், அதன்மேல் கவிழ்த்த வாளி, உள்ளே அகச்சிவப்பு சென்சார். வளையம் அடித்த அன்றைக்கு அளவு எக்கச்சக்கம், மறுநாள் பாதிதான். பத்து நிமிடம் மூடி வைத்தால் சென்சார் வரைபடத்தில் ஏறும் கோடு வளைந்து படுத்துவிடுகிறது. எதை நம்புவது?

மண்வெட்டி:
முதல் நாள் கணக்கைத் தூக்கிப் போடுங்க. வளையம் இறங்கும்போது மண் கலைந்து, தேங்கிய வாயு வெளியேறும். ஒரு நாளாவது ஆறவிடணும்; ஒரு வாரம் விட்டால் இன்னும் நல்லது. 5 செ.மீ. ஆழம் போதும், அதற்கு மேல் போனால் வேர்தான் அறுபடும்.

பத்து நிமிடம் அதிகம். உள்ளே வாயு சேரச் சேர மண்ணிலிருந்து வருவது தளரும், கசிவும் கூடும். மூன்று நிமிடம் மூடி, முதல் 30 வினாடியை விட்டுட்டு, நேராக ஏறும் பகுதியை மட்டும் எடுங்க.

கணக்கு: ஏறும் வேகம் × காற்றின் மோல் அடர்த்தி (ஒரு கன மீட்டரில் எத்தனை மோல்; மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் அலகு) × கொள்ளளவு ÷ பரப்பு. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 40.2 மோல். உங்க வளையத்தின் பரப்பு 0.0314 சதுர மீட்டர். கொள்ளளவு 6 லிட்டர், வினாடிக்கு 0.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஏறுது என்றால், சதுர மீட்டருக்கு வினாடிக்கு 3.8 மைக்ரோமோல். மண்ணுக்கு மேல் நிற்கும் வளையத்தையும் கொள்ளளவில் சேர்த்தீங்களா? 3 செ.மீ. நின்றாலே கிட்டத்தட்ட ஒரு லிட்டர். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

பீலிக்கரை:
அண்ணன் சொன்னதோட இதையும் பாருங்க. பீட் மண்ணில் பக்கத்தில் மிதித்தாலே வாயு குபுக்கென்று வளையத்துக்குள் வரும். கோடு நடுவில் படிக்கட்டு மாதிரி எகிறினால் காரணம் உங்க கால்தான். பலகை போட்டு அதன்மேல் நின்று வாளியை மெதுவாக இறக்குங்க. அழுத்தம் சமனாக வாளியில் ஒரு மெல்லிய குழாய், வெயிலுக்கு அலுமினியத் தாள்.

சென்சார் தானாகத் திருத்திக்கொள்ளும் வகை என்றால் அந்த வசதியை அணைத்துவிடுங்க. தான் பார்த்த மிகக் குறைந்த அளவையே 400 பிபிஎம் வெளிக்காற்று என்று எடுத்துக்கொள்ளும். மரத்தடியில் காற்று அவ்வளவு இறங்காது.

தெலுக்_இந்தான்_பையன்:
நன்றிண்ணே. இதை வைத்து தோட்டம் மொத்தமாக கார்பன் விடுதா, வாங்குதா என்று சொல்லலாமா?

மண்வெட்டி:
முடியாது. வாளிக்கு மண்ணும் வேரும்தான் தெரியும், மேலே பனை மட்டை காற்றிலிருந்து இழுக்கும் கார்பன் டைஆக்சைடு தெரியாது. அதற்குக் கோபுரம் வேணும்: மரத்தலைக்கு மேல் ஒலி அலைக் காற்றுமானியும் வாயு அளவியும், வினாடிக்கு 10 அல்லது 20 தடவை அளந்து அரைமணிக் கணக்கு. காற்று அசையாத இரவில் அதுவும் ஏமாற்றும், வாயு மேலே ஏறாமல் மரத்தடியிலேயே தங்கிடும். வாளியை மரத்தடி, மட்டைக் குவியல், அறுவடைப் பாதை மூன்றிலும் வைங்க. ஒரே இடத்து எண்ணைத் தோட்டம் முழுக்கப் பெருக்கிடாதீங்க.